சபை வாட்ஸப் குரூப்ல ஜெப விண்ணப்பம் போடுறது, உங்க சபையில எப்படி பண்றீங்க?

தேரிக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலி பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கிராம சபை. முன்னாடி குரூப்ப பாத்துக்கிட்ட அண்ணன் வேலை கிடைச்சு பெங்களூர் போயிட்டதால வாலிபர் சங்கத்துல இருந்து என்னைய அட்மினா போட்டிருக்காங்க. முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க, அதுல பாதிப் பேரு ஊர்லயே இல்ல, சென்னை கோயம்புத்தூர் துபாய் மலேசியான்னு இருக்காங்க, ஆனா ஊர்ல ஒரு சாவுன்னாலும் கல்யாணம்னாலும் அந்த குரூப்தான் எல்லாருக்கும் வழி.

விஷயம் என்னன்னா எங்க சபையில ஒரு அக்காவுக்கு மார்புல கட்டி வந்து பயாப்சி எடுத்ததுல கேன்சர்னு வந்திருச்சு. அவங்க ரெண்டே ரெண்டு பேர்ட்ட மட்டும் சொல்லி ஜெபிச்சுக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. அதுல ஒருத்தர், நல்ல மனசோடதான் அதுல எனக்கு சந்தேகமே இல்ல, அந்த ரிப்போர்ட்ட அப்படியே போட்டோ எடுத்து "பாரத்தோடு ஜெபிக்கவும்"னு குரூப்ல போட்டுட்டாரு. பேரு வயசு டாக்டர் பேரு எல்லாம் தெளிவா தெரியுது. அரை மணி நேரத்துல வரிசையா கைகூப்புற ஸ்மைலி, ஆமென் ஆமென்னு. சாயங்காலத்துக்குள்ள அது பக்கத்து சேகரம் (பல ஊர் சபைகள் சேர்ந்த வட்டாரம்) குரூப்புக்கு போயி அங்கருந்து அவங்க மகளுக்கு பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கே போயிருச்சு. அவங்க இப்ப கொஞ்சம் பொறுத்து பாப்போம்னு சொல்றாங்களாம். அந்த அக்கா அதுல இருந்து கோவிலுக்கே வர்றதில்ல. அத்தனை பேரு கைகூப்புனாங்கல்ல, வீட்டுக்கு போயி பாத்தது யாருன்னு விசாரிச்சா எங்க ஐயரம்மாவும் (சபை போதகரான ஐயரோட மனைவி) பக்கத்து வீட்டு இந்து அம்மாவும் மட்டும்தான்.

இன்னொண்ணும் இருக்கு. போன கிறிஸ்மஸ்க்கு விதவைத் தாய்மாருக்கு சேலை கொடுத்தோம், ஒவ்வொருத்தரா நிக்க வச்சு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டாங்க. ஒரு பாட்டி வாங்கின சேலையாலயே முகத்த மறைச்சுக்கிட்டாங்க, போட்டோ எடுத்தவரு "பாட்டி இங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டாரு. அது எனக்கு இன்னும் மனசுல இருந்து போகல.

குரூப்ல ஜெப விண்ணப்பமே வேண்டாம்னு நிறுத்திடலாமான்னு கமிட்டில கேட்டேன், "ஜெபத்த தடுக்க நீ யாரு தம்பி"ன்னு ஒரு பெரியவரு கோவப்பட்டுட்டாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதான் உங்க சபைகள்ல எப்படி பண்றீங்கன்னு கேக்குறேன், ரோமன் கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே யாரா இருந்தாலும் சொல்லுங்க.


டீச்சரம்மா எழுதியது:

தம்பி, உங்க பதிவ வாசிச்சு மனசு ரொம்ப பாரமா இருக்கு. நான் ரிட்டயர்டு டீச்சர், தூத்துக்குடி மாவட்டம், எங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்துல ரொம்ப வருஷமா இருக்கேன்.

எங்க அம்மா காலத்துல பிடியரிசி எப்படின்னு உங்க வயசுக்காரங்களுக்கு தெரியுமோ என்னவோ. தெனமும் உலை வைக்கும்போது போடுற அரிசியில ஒரு பிடிய எடுத்து தனியா ஒரு கலயத்துல போட்டு வைப்பாங்க, ஞாயித்துக்கிழமை அத கோவில்ல கொண்டு சேர்ப்பாங்க. அதுல ஒரு பங்கு ஊர்ல கஷ்டப்படுற வீட்டுக்கு போகும். அம்மா அத ஓலைப்பெட்டியில போட்டு மூடி, விளக்கு வச்ச பொறவுதான் எடுத்துட்டுப் போவாங்க, அதுவும் பின்வாசல் வழியா. யாருக்கு போச்சுன்னு எங்களுக்கே சொல்ல மாட்டாங்க. இத்தனைக்கும் எங்க வீட்லயே மாசக் கடைசியில அரிசி இருக்காது. வாங்குறவங்க தலை குனியக் கூடாதுங்கறதுல அவ்வளவு கவனம். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது"ன்னு மத்தேயு 6ல நாம மனப்பாடமா சொல்லுற வசனத்த அந்த எழுதப்படிக்க தெரியாத பொம்பளைங்க அப்படியே நடந்து காமிச்சாங்க.

இன்னொரு வசனப்பகுதி நீங்க கமிட்டியில வாசிச்சுக் காட்டணும். மாற்கு 5, யவீருங்கறவரோட மக செத்துக் கிடக்குறா. வீடு நிறைய கூட்டம், அழுகையும் புலம்பலுமா இருக்கு. ஆண்டவர் மொதல்ல என்ன செஞ்சாரு? எல்லாரையும் வெளியே அனுப்பிட்டாரு. அப்பா, அம்மா, கூட மூணு சீஷர், அவ்வளவுதான் உள்ள. பிள்ளை எழுந்திருச்ச பொறவும் இத யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு, அவளுக்கு சாப்பிட ஏதாவது கொடுங்கன்னாரு. மாற்கு 7ல காது கேக்காதவன கூட்டத்த விட்டு தனியே கூட்டிட்டுப் போறாரு, 8ல குருடன கையப் பிடிச்சு ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போறாரு. நோயாளிய கூட்டத்துக்கு நடுவுல நிறுத்தி வைக்கணும்னு அவருக்கு ஆசையே இல்ல பாருங்க. நாம முந்நூறு பேரு இருக்குற கூட்டத்த அந்தப் பொண்ணோட படுக்கைக்கு கிட்ட கொண்டு போயி விட்டுட்டோம்.

எங்க சங்கத்துல இப்ப என்ன வழக்கம்னா, விண்ணப்பம் ஐயரம்மாகிட்டதான் போகும். அவங்க அந்த வீட்டுக்காரங்ககிட்டயே கேட்டுருவாங்க, யார் யாருக்கு தெரியலாம், பேரு சொல்லலாமா, வீட்டுக்கு வரலாமான்னு. பேரு வேண்டாம்னா குரூப்ல "நம்ம சபையில ஒரு குடும்பம் சுகவீனத்தால கஷ்டப்படுது, ஜெபிப்போம்"னு மட்டும் வரும். முழு விவரம் அவங்க சம்மதிச்ச நாலஞ்சு பேருக்கு மட்டும் தெரியும், அந்த நாலஞ்சு பேரும் வாட்ஸப்ல பேச மாட்டோம், நேர்லதான்.


ரியாத்வாசி எழுதியது:

டீச்சரம்மா சொல்றது சரிதான், ஆனா ஒரு பக்கத்த மட்டும் பாக்காதீங்கன்னு தாழ்மையா சொல்லிக்கிறேன். நான் சவுதியில இருக்கேன், இங்க கோவில் கட்டடமே கிடையாது. எங்களுக்கு சபைன்னா அது போன்தான். லீவு நாள்ல வீடியோ கால்ல பத்து பதினஞ்சு பேரு சேர்ந்து ஜெபம் பண்ணுவோம், பாதி நேரம் நெட்டு இழுக்கும், கீர்த்தனை பாடினா ஒருத்தர் குரல் முன்னாடியும் ஒருத்தர் குரல் பின்னாடியும் வரும், ஆனா அது இல்லன்னா நான் இங்க எப்பவோ உடைஞ்சு போயிருப்பேன்.

எங்க அப்பா தவறினப்ப கம்பெனியில உடனே லீவு கிடைக்கல. அடக்க ஆராதனைய எங்க சபை பசங்க யூட்யூப்ல லைவ் போட்டாங்க. ரூம்ல தனியா உக்காந்து பாத்தேன். அப்பாவுக்கு மண்ணு போடுறத நான் பாத்தேன்னா அது அந்த பசங்களாலதான். கீழ கமெண்ட்ல ஊர்க்காரங்க எழுதினத இன்னைக்கும் எடுத்து வாசிப்பேன்.

அப்புறம் எங்க ரூம்ல இருந்த ஒரு அண்ணனுக்கு திடீர்னு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம், இன்சூரன்ஸ் பிரச்சனை, பாஷை பிரச்சனை, ஒண்ணும் புரியல. அவரு மனைவிகிட்ட கேட்டுட்டு அவரு சபை குரூப்ல பேரோட போட்டோம். அது நாலு குரூப் சுத்தி, இங்கயே வேற ஏரியாவுல இருக்குற முன்ன பின்ன தெரியாத ஒரு மலையாளி நர்ஸ்கிட்ட போயி சேர்ந்து அவங்க அன்னைக்கு ராத்திரியே வந்து நின்னாங்க. பேர மறைச்சு "ஒரு குடும்பம்"னு போட்டிருந்தா அவங்க வந்திருப்பாங்களா? பின்வாசல் வழியா அரிசி கொண்டு வர்றதுக்கு பக்கத்துல ஆள் இருக்கணும்ல டீச்சர். பக்கத்துல ஆளே இல்லாதவனுக்கு சத்தம் போட்டு கூப்பிடறதத் தவிர வேற வழி இல்ல. அதனால தயவு செஞ்சு நிறுத்திடாதீங்க தம்பி.


டீச்சரம்மா எழுதியது:

தம்பி, நீங்க சொன்னத வாசிச்சு கண்ணு கலங்கிருச்சு. நிறுத்தணும்னு நானும் சொல்லல. நீங்க போடுறதுக்கு முந்தி அவரு மனைவிகிட்ட கேட்டீங்க பாருங்க, அதத்தான் நான் சொல்லுதேன். இன்னொண்ணு, நீங்க கூப்பிட்டது வந்து நிக்க ஒரு ஆள் வேணும்னு. அந்த ரிப்போர்ட்ட போட்டவரு யாரையும் எதுக்கும் கூப்பிடலியே.


முட்டம் கரை எழுதியது:

நான் கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரை ஊரு, கத்தோலிக்கர். எங்க பங்குல (எங்க ஊர் கோவில் சபையில) அன்பியம்னு உண்டு, ஒரு இருபது முப்பது குடும்பம் சேர்ந்தது ஒரு அன்பியம், வீடு வீடா மாறி மாறி கூடி ஜெபிப்போம். முந்நூறு பேரு குரூப்ல விண்ணப்பம் போடுறத விட இது ரொம்ப நல்லா வேலை செய்யுது, ஏன்னா யாராவது ரெண்டு வாரம் வரலன்னா உடனே தெரிஞ்சிரும், மறுநாளே ஒருத்தர் போயி கதவத் தட்டுவாங்க. உங்களுக்கு முந்நூறு பேர பத்து குழுவா தெரு வாரியா பிரிக்க முடியுமான்னு பாருங்க.

வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்களும் இருக்காங்க. 1833ல பாரீஸ்ல ஓசானாம்னு ஒரு இருபது வயசு காலேஜ் பையனும் அவரு நண்பர்களும் ஆரம்பிச்சது. அவங்க முறை என்னன்னா ரெண்டு பேரா கஷ்டப்படுற வீட்டுக்கு நேர்ல போகணும், உக்காந்து பேசணும், அந்த வீட்டு விஷயம் வெளிய வரக்கூடாது. எங்க பங்குல கணக்கு வாசிக்கும்போது கூட இத்தனை குடும்பத்துக்கு மருந்து செலவுன்னுதான் வாசிப்பாங்க, பேரு வராது. 2023 மே மாசம் வத்திக்கான்ல தொடர்புத்துறையில இருந்து சமூக ஊடகம் பத்தி ஒரு சிந்தனை ஏடு வெளியிட்டாங்க, முழுக்க நல்ல சமாரியர் உவமைய வச்சே எழுதியிருப்பாங்க. எங்க சாமியார் அத வச்சு பிரசங்கம் வச்சப்ப சொன்னாரு, அடிபட்டுக் கிடந்தவன பாத்தவங்க மூணு பேரு, பக்கத்துல போனது ஒருத்தர்தான், இப்ப நம்ம போன்ல தெனமும் நூறு பேரு அடிபட்டுக் கிடக்கறத பாக்குறோம், பாத்துட்டு விரல மேல தள்ளிட்டு போயிடுறோம்னு.

ஒக்கி புயல் நேரத்துல, 2017 நவம்பர் 30, எங்களுக்கு இந்த போனோட ரெண்டு முகமும் தெரிஞ்சது. ஆழ்கடலுக்கு போன ஆளுங்க பத்தி எந்த தகவலும் இல்ல. மகாராஷ்டிராவுல தேவ்கட்ல படகு ஒதுங்கியிருக்கு, லட்சத்தீவுல ஒதுங்கியிருக்குன்னு எங்களுக்கு மொதல்ல சொன்னது வாட்ஸப்தான். அதே வாட்ஸப்லதான் கரை சேர்ந்தவங்க பட்டியல்னு யாரோ ஒருத்தர் சரி பாக்காம சுத்த விட்டாங்க. அதுல புருஷன் பேரு இருக்குன்னு நம்பி குருசடிக்கு (சிலுவை வச்ச சின்ன ஜெப இடம்) மெழுகுவர்த்தி ஏத்தப் போன பொண்ண நான் கண்ணால பாத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அது அதே பேருல வேற ஊரு ஆளுன்னு தெரிஞ்சது. அன்னைக்கு அந்த வீட்டுல உக்காந்து இருந்த எங்க அன்பியத்து பெண்கள்தான் அவளத் தாங்குனாங்க. அனுப்புனவனுக்கு அது தெரியவும் தெரியாது.


கீமோ வார்டு சிஸ்டர் எழுதியது:

நான் புற்றுநோய் வார்டுல நர்ஸ். அந்த அக்காவுக்கு என்ன செய்யலாம்னு யாருமே இன்னும் கேக்கல, அதனால நான் சொல்றேன்.

கீமோ ஆரம்பிச்சா ஒவ்வொரு சுற்றுக்கும் பொறவு ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தத்துல வெள்ளை அணுக்கள் ரொம்ப குறைஞ்சிருக்கும். அந்த நேரத்துல பத்து பேரு கூட்டமா வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறது அன்புதான், ஆனா அதுல ஒருத்தருக்கு சளி இருந்தாலும் அந்த அக்காவுக்கு ஆபத்து. ரெண்டு பேரு போதும், கை கழுவிட்டு, இருமல் காய்ச்சல் இருந்தா போகவே வேண்டாம். எந்த நாள் வரலாம்னு அவங்ககிட்டயே கேளுங்க.

என் அனுபவத்துல பேஷண்ட்ஸ் சொல்ற தேவை ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆஸ்பத்திரிக்கு கூட வர ஒரு ஆள், கீமோ ஏத்தி முடியுற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்க ஒரு ஆள். வீட்ல அன்னைக்கு சமையல், ஆனா தாளிப்பு வாசனையே பல பேருக்கு குமட்டும், அதனால கஞ்சி, இட்லி, மோர் மாதிரி கொண்டு போங்க, என்ன இறங்கும்னு கேட்டுட்டு. முடி கொட்டும்போது கூட இருக்க ஒரு பொண்ணு.

காசு பிரச்சனை இருந்தா குரூப்ல வசூல் போடுறதுக்கு முந்தி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கான்னு பாருங்க. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. கார்டு இல்லன்னா விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற அந்தத் திட்ட மையத்துக்குப் போகணும். அந்த அக்காவால இப்ப அலைய முடியாது. வாலிபர் சங்கத்துல ஒரு பையன் பைக்குல ரெண்டு நாள் அலைஞ்சா முடிஞ்சிரும். எத்தனையோ குடும்பம் இந்த அலைச்சலுக்கு ஆள் இல்லாம நகைய அடகு வச்சிட்டு வர்றாங்க.

கடைசியா கெஞ்சிக் கேக்குறேன், முள்சீத்தா இலை கஷாயம் குடிச்சா கேன்சர் போகும், சோடா உப்பு குடிங்க, மாத்திரைய நிறுத்திட்டு விசுவாசத்தோட இருங்கன்னு வர்ற ஃபார்வர்டு எதையும் அவங்களுக்கு அனுப்பாதீங்க. சுகமாகலன்னா உன் விசுவாசம் குறைவுன்னு யாரும் சொல்லிடாதீங்க. மருந்த நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு திரும்பி வர்றவங்கள நாங்க பாக்குறோம், அப்ப எங்களால செய்ய முடியறது ரொம்ப கம்மி.


சேகர கமிட்டி மூப்பர் எழுதியது:

எனக்கு வயது 71. ஜெபத்தை தடுக்கக் கூடாது என்று சொன்ன அந்தப் பெரியவர் பக்கம்தான் நான். திமிர்வாதக்காரனை (உடம்பு முடங்கினவனை) நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையை பிரிச்சு இயேசு முன்னால இறக்கினார்களே, அது எல்லாரும் பார்க்கத்தானே நடந்தது. கொரோனா நேரத்துல கோவில் பூட்டியிருந்தப்ப இந்த குரூப் இல்லன்னா நாங்க ஒருத்தரை ஒருத்தர் தாங்கியிருக்க முடியாது. பேரே சொல்லாம ஒரு குடும்பம் ஒரு சகோதரின்னு ஜெபிச்சா மனசு ஒட்ட மாட்டேங்குது. பாரம் வரமாட்டேங்குது. இதையும் யோசிங்க.


டீச்சரம்மா எழுதியது:

ஐயா, மனசு ஒட்ட மாட்டேங்குதுன்னு நீங்க சொன்னது உண்மை, எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா அந்தப் பேரு நமக்குத்தான் தேவைப்படுது, ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். நம்ம மனசு ஒட்டணுங்கறதுக்காக அவ மக கல்யாணம் நிக்கலாமா ஐயா? அந்த நாலு பேரும் அவன தோள்ல தூக்கிட்டு வந்தவங்க, கூட்டத்துக்கு அறிவிச்சவங்க இல்ல. அந்த நாலு பேருக்கு பேரு தெரியட்டும், நமக்கு வேண்டாம்.


வக்கீல் தம்பி எழுதியது:

சுருக்கமா சில விஷயம். குரூப் செட்டிங்ல அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம்னு மாத்திக்கோங்க, பேசுறதுக்கு வேணும்னா தனி குரூப் வையுங்க. அட்மினா நீங்க மத்தவங்க போட்டதையும் எல்லாருக்கும் அழிக்க முடியும், ஆனா அதுக்குள்ள ஃபார்வர்டு ஆனது, போன்ல சேமிச்சது எதுவும் அழியாது, அதனால போடுறதுக்கு முந்தி தடுக்குறதுதான் வழி. எச்ஐவி சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தா நம்பிச் சொன்னத ஒருத்தர் சம்மதம் இல்லாம வெளிய சொல்றத 2017 எச்ஐவி சட்டம் தடை செய்யுது. உதவி வேணும்னு போடுற மெசேஜ்ல எப்பவும் தேதி போடுங்க, யார்கிட்ட பேசணும்னு ஒரு நம்பர் போடுங்க, அந்த தேவை முடிஞ்சதும் முடிஞ்சதுன்னு போடுங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 செ.மீக்கு மேல மழை கொட்டுச்சே, அப்ப ஏரல் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பால் பவுடர் வேணும், படகு வேணும்னு வந்த மெசேஜ்ல பாதி தேதியே இல்லாம சுத்துச்சு. ஆளு மீட்டு முகாமுக்கு போன பொறவும் அந்த வீட்டத் தேடி பசங்க தண்ணியில போனாங்க, வேற வீட்ல ஆள் காத்திட்டு இருந்தாங்க. ஜிபே க்யூஆர் கோடு போட்ட போட்டோவ எடுத்து கோட மட்டும் மாத்தி சுத்த விடறதும் நடக்குது, அதனால கணக்கு சபை பேருல இருக்கட்டும்.


தேரிக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ரியாத் அண்ணன் சொன்னது கமிட்டியில அப்படியே வாசிக்கப் போறேன், நிறுத்தப் போறதில்ல. ஆனா வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம எதுவும் போடக் கூடாது, ரிப்போர்ட் போட்டோ எப்பவும் கூடாது, சேலை கொடுக்குற போட்டோ இனிமே கிடையாது, கட்டி வச்ச சேலைய போட்டோ எடுத்துப் போட்டா காணிக்கை கொடுத்தவங்களுக்கு கணக்கு தெரிஞ்சிரும். இந்த வருஷம் சேலைய வீட்டுக்கே கொண்டு கொடுக்கலாம்னு ஐயர்கிட்ட கேக்கப் போறேன்.

ஒரு சந்தேகம். அந்த ரிப்போர்ட்ட போட்டவரு இப்ப ரொம்ப உடைஞ்சு போயிருக்காரு. குரூப்ல எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்பு கேட்டு ஒரு மெசேஜ் போடுறேங்கறாரு. போடலாமா?


டீச்சரம்மா எழுதியது:

வேண்டவே வேண்டாம் தம்பி. அதுல மறுபடியும் எல்லாரும் அவளப் பத்திதான் பேசுவாங்க, இதுவரைக்கும் கவனிக்காதவனும் மேல போயி தேடிப் பாப்பான். ஐயரம்மா மூலமா கேட்டுட்டு, அவ சரின்னா மட்டும் அவரு நேர்ல போயி கேக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு ஐயர் ஒரு வாட்டி போயி பேசலாம், அதுவும் அந்த அக்காவும் மகளும் விரும்புனா மட்டும், நாமளா போயி அதையும் கெடுத்துறக் கூடாது. அவர பழி சொல்லி ஒதுக்கிறாதீங்க, அவருக்கும் ஆள் வேணும்.


கீமோ வார்டு சிஸ்டர் எழுதியது:

அவருக்கு வண்டி இருக்கா? இருந்தா, அந்த அக்கா சம்மதிச்சா, காப்பீட்டு கார்டு அலைச்சல அவருக்கே கொடுங்க.


தேரிக்காட்டான் எழுதியது:

இருக்கு சிஸ்டர், ஆட்டோவே வச்சிருக்காரு. ஐயரம்மாகிட்ட இன்னைக்கு சாயங்காலம் பேசுறேன். விஏஓ ஆபீஸ் எந்த நாள் இருப்பாருன்னும் விசாரிச்சிட்டேன், புதன்கிழமை காலையில.